பழைய ஆட்டோமேட்டிக் காரில் கோளாறா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கியர் ஸ்லிப் ஆகிறது (எஞ்சின் வேகமெடுத்தும் வண்டி இழுக்கவில்லை), ‘டி’யில் (டிரைவ்) போட்டும் வண்டி உடனே நகரவில்லை, மாறும்போது வெடுக்கென்று இழுக்கிறது. இப்படி ஏதாவது ஒன்று தெரிந்ததுமே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடாதீர்கள். ஆயில் குறைவு, கழன்ற வேக்குவம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டுவரும் குழாய்), அறுந்த வயர், தேய்ந்த கிளட்ச் பிளேட் எல்லாமே ஓட்டுபவருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். இவற்றில் முதல் மூன்றையும் பெரும்பாலும் வெளியிலிருந்தே சரிசெய்துவிடலாம்.

முதலில் கியர்பாக்ஸ் ஆயில். வண்டியை 15–20 கி.மீ. ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடியே லிவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று விநாடி வைத்து எடுத்து, ‘பி’க்குக் (பார்க்) கொண்டுவாருங்கள். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) உருவிப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். பழைய கிரைஸ்லர், ஜீப் வண்டிகள் பலவற்றில் லிவர் ‘என்’னில் (நியூட்ரல்) இருக்க வேண்டும். முறை மாறினால் அளவும் தப்பாகக் காட்டும்.

ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு என்றால் ஆயில் பழசாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் கருகியிருக்கிறது. பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு என்றால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் விட்டுப்போய் கூலன்ட் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது. தண்ணீர் பிளேட்டின் மேல்பூச்சைப் பெயர்த்துவிடும். நுரை இருந்தால் அளவுக்கு மேல் ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

கியர்பாக்ஸ் ஆயில் ஓட ஓடச் செலவாகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கீழே சொட்டே இல்லாமல் குறைந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் வந்தால், வேக்குவம் மாடுலேட்டர் (எஞ்சின் பளுவை உறிஞ்சு விசை மூலம் கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கும் பாகம்) உள்ள பழைய கியர்பாக்ஸ்களில் (ஜிஎம் டிஎச்350, ஃபோர்டு சி6 போன்றவை) அதன் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். ஹோஸுக்குள் ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்து, எஞ்சினே ஆயிலை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கியர்பாக்ஸை இறக்காமலேயே மாடுலேட்டரை மாற்றிவிடலாம். ஆயில் சேர்க்கும்போது 250 மி.லி.க்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பல கார்களில் சுமார் அரை லிட்டர்தான் பிடிக்கும். மேனுவலில் சொன்ன ரகத்தையே ஊற்றுங்கள். ரகம் மாறினால் லாக்-அப் ஆகும்போது (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும்போது) வண்டி உதறலாம்.

அடுத்து வெளி இணைப்புகள். ஆக்ஸிலரேட்டர் மிதிப்பைக் கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கும் திராட்டில் கேபிள் தளர்ந்திருந்தால் பல வண்டிகளில் கியர் சீக்கிரம் மாறும், ஸ்லிப்பும் ஆகும். ஜிஎம் 700ஆர்4-இல் இதை அலட்சியப்படுத்தி ஓட்டினால் கிளட்ச்சே எரிந்துபோகும். ஐடில் அதிகமாக இருந்தாலோ, எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தாலோ ‘டி’யில் போடும்போது டங்கென்று அடிக்கும், அது கியர்பாக்ஸின் குற்றமே இல்லை. பேட்டரி எர்த், கியர்பாக்ஸ் கனெக்டர், லிவர் லிங்கேஜ் ஆகியவற்றையும் அசைத்துப் பாருங்கள். ஓபிடி2 (கோளாறுகளைத் தானே பதிவுசெய்யும் கணினி வசதி) உள்ள வண்டியில் ஸ்கேனர் போடலாம். பி0700 என்ற கோளாறு எண், கியர்பாக்ஸ் பக்கம் கோளாறு பதிவாகியிருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. பி0750 வந்தால் ஷிஃப்ட் சாலினாய்டு ‘ஏ’வின் (கியர் மாற்றும் மின்வால்வு) வயரையும் ஓம்ஸையும் (மின்தடை) பாருங்கள். கோளாறு எண் வந்ததாலேயே அந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

அதிகம் சொல்லித்தருவது ஓட்டிப் பார்ப்பதுதான். எந்த கியரில், சூட்டிலா குளிரிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிரில் மட்டும் தாமதமாகி, சூடானதும் சரியானால் உள்ளே ரப்பர் சீல்கள் விறைத்துப்போயிருக்கலாம். குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் ஸ்லிப் ஆனால் ஆயில் இளகியதும் பிரஷர் எங்கோ விட்டுப்போகிறது. ‘டி’யில் புறப்படும்போது ஸ்லிப் ஆகி, லிவரை ‘எல்’லில் (லோ கியர்) வைத்தால் நன்றாக இழுக்கிறதா? கிளட்ச் பிளேட்டை விட ஒன்-வே கிளட்ச்சைத்தான் (ஒரு பக்கம் மட்டுமே சுழல விடும் பாகம்) சந்தேகப்பட வேண்டும். ‘டி’, ‘எல்’ இரண்டும் இழுக்காமல் ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருந்தால் முன்னோக்கி இழுக்கும் ஃபார்வர்ட் கிளட்ச்சில் கோளாறு. (பழைய ஹோண்டா கியர்பாக்ஸின் அமைப்பே வேறு, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) எந்த நிலையிலும் நகரவில்லை என்றால் ஃபில்டர், பம்ப், டார்க் கன்வெர்ட்டர் பக்கம் பாருங்கள்.

70–80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது, ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். லாக்-அப் விட்டு ஆர்பிஎம் 200–400 ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் லாக்-அப் ஆகவில்லை. தொட்டவுடன் உதறல் நின்றால் கோளாறு லாக்-அப்பில் இருக்கலாம். ஆனால் ஸ்பார்க் பிளக், காயில் கோளாறால் எஞ்சின் மிஸ்ஸிங் ஆனாலும் இதே போல உதறும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

பிரேக்கை மிதித்து முழு ரேஸ் கொடுக்கும் ஸ்டால் டெஸ்ட்டை நாங்கள் கடைசியாகத்தான் பரிந்துரைப்போம். 5 விநாடிக்கு மேல் போகக் கூடாது, முன்னால் ஆள் நிற்கக் கூடாது. ஏற்கெனவே ஸ்லிப் ஆகும் வண்டியில் அது தேவையே இல்லை. அதைவிட நல்லது 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜை கியர்பாக்ஸின் டெஸ்ட் போர்ட்டில் (ஆயில் பிரஷர் அளக்கும் துளை) மாட்டி, ‘டி’யிலும் ‘ஆர்’ரிலும் பிரஷரை மேனுவலோடு ஒப்பிடுவது. எல்லா நிலையிலும் குறைவென்றால் ஃபில்டர், பம்ப், ரெகுலேட்டர் வால்வு. ஒரு நிலையில் மட்டும் குறைவென்றால் அந்த கிளட்ச்சின் சீல் விட்டிருக்கிறது. பிரஷர் சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால் பிளேட் தேய்ந்துவிட்டது.

கடைசியில் கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் (பேன்) கழற்றுங்கள். அதற்குள் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. இரும்புச் சில்லு, பித்தளை நிறத் துகள், அடியில் கெட்டியான கறுப்பு வண்டல் இருந்தால் ஆயில் மாற்றிப் பயனில்லை. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். சுத்தமாக இருந்தால் ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன டார்க்குக்கு மட்டும் முடுக்குங்கள். கன்வெர்ட்டரில் பழைய ஆயில் தங்கியிருக்கும் என்பதால் மொத்தக் கொள்ளளவையும் ஊற்றிவிடாதீர்கள். வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றி, வண்டியைச் சூடாக்கி மறுபடி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.