அம்பாசிடர்ல ஆயில் ஒழுகுதா? இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய 1489 சிசி அம்பாசிடர் வச்சிருக்கறவங்க பாதிப்பேர் சொல்றது இதுதான், பேக்கிங் மாத்தியாச்சு, சீல் மாத்தியாச்சு, இன்னும் ஒழுகுது. எங்க இருந்து வருதுன்னு பாக்காம மாத்துனா அப்படித்தான். சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற. மேல டேப்பெட் கவர்ல (இன்ஜின் தலை மேல இருக்கற தகட்டு மூடி) கசிஞ்சது இன்ஜின் பிளாக் மேல வழிஞ்சு, ஓட்டத்துல காத்து பின்னாடி தள்ளி, கடைசில பெல் ஹவுசிங் (இன்ஜினுக்குப் பின்னாடி கிளட்ச்சை மூடியிருக்கற கூடு) அடில வந்து சொட்டும், உடனே ரியர் மெயின் (இன்ஜினோட சுத்துற தண்டான கிராங்க் பின்னாடி வெளிய வர்ற இடத்துல ஆயிலைத் தடுக்கறது) போச்சு இன்ஜின் இறக்கணும்னு ஆரம்பிச்சுடுவாங்க.

முதல்ல கழுவுங்க. இன்ஜின் நல்லா ஆறினப்புறம் பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மேல ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டி, டீசல் தொட்ட பிரஷ்ஷால பழைய பிசுக்கு மொத்தத்தையும் எடுத்துடுங்க, சைலன்சர் பக்கம் டீசல் மிச்சம் இருக்கக் கூடாது. காஞ்சதும் சந்தேகப்படுற இடத்துல எல்லாம் மூஞ்சி பவுடரைத் தூவிட்டு ஒரு ரவுண்டு போங்க. வாசல்லயே ஐடில்ல விட்டா ஒண்ணும் தெரியாது. பர்லியார் வரைக்கும் இறங்கி திரும்ப குன்னூர் ஏறி வாங்க, ஏத்தத்துலதான் ஆயில் சூடாகி தண்ணி மாதிரி இளகும். (சீசன்ல ஒன்வே போட்டிருந்தா வேற ஏத்தம் பாத்துக்கங்க.) வந்ததும் டார்ச் அடிச்சு, நனைஞ்சதுல எது எல்லாத்துக்கும் மேல இருக்கோ அங்க ஆரம்பிங்க.

டேப்பெட் கவர் கார்க் பேக்கிங், ஃபில்டர் சீல், ஆயில் பிரஷர் பைப் நட்டு இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். ஏமாத்துறது மேனிஃபோல்டுக்கு (இன்ஜின் பக்கவாட்டுல புகை வெளிய வர்ற குழாய் பகுதி) அடில இருக்கற ரெண்டு சைடு கவர்தான், சின்ன கண்ணாடி விட்டுப் பாத்தாத்தான் தெரியும். எந்தக் கவரா இருந்தாலும் போல்ட்டை முறுக்கோ முறுக்குன்னு முறுக்காதீங்க, தகடு வளைஞ்சா புது பேக்கிங்கும் கசியும்.

இப்ப மலைக்காரங்களுக்கு முக்கியமான விஷயம், பிரீதர், அதாவது இன்ஜின் உள்ள சேர்ற காத்தை வெளிய விடுற பைப். இந்தக் குளிர்ல மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வந்து நிறுத்துற வண்டில இன்ஜின் முழுசா சூடாகுறதே இல்ல, உள்ள ஈரம் தங்கி ஆயிலோட கலந்து மோர் மாதிரி வெள்ளையா ஆகிடும், ஆயில் மூடியைத் திறந்து அடில பாருங்க தெரியும். அதே பிசுக்கு பிரீதர் பைப்பை அடைச்சா உள்ள இருக்கற காத்து போக வழியில்லாம எந்த பேக்கிங் இளைச்சதோ அதைத் தள்ளிக்கிட்டு ஆயிலோட வெளிய வரும். நாலு இடத்துல ஒரே நேரத்துல கசியுதுன்னா நாலு பேக்கிங்கும் சேந்து கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, பைப்பைக் கழட்டி டீசல் விட்டு கம்பியால குத்தி சுத்தம் பண்ணுங்க, செலவே இல்ல. சுத்தம் பண்ணியும் ஐடில்ல மூடி வழியா புகை குபுகுபுன்னு தள்ளுச்சுன்னா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, அது பெரிய வேலை.

அப்புறம் ரியர் மெயின். இந்த இன்ஜின்ல பின்னாடி ரப்பர் சீலே கிடையாது, கிராங்க்ல மரை மாதிரி வெட்டி வச்சிருப்பாங்க, சுத்துறப்போ அது ஆயிலை உள்ள திருப்பி விடும். நின்னுட்டா அந்த வேலை நடக்காது, அதுலயும் வண்டி மூக்கு மேட்டைப் பாத்து நிறுத்தினா ஆயில் பின்பக்கம் தேங்கும். ஒரு ராத்திரி மூக்கு மேல, இன்னொரு ராத்திரி மூக்கு கீழ நிறுத்தி, அடில அட்டை போட்டு கறையைப் பாருங்க, வீலுக்கு நல்லா கல் முட்டு குடுத்துட்டுதான். மூக்கு கீழ இருக்கறப்போ குறையுதுன்னா அப்படியே நிறுத்திட்டுப் போங்க, கிளட்ச்ல ஆயில் பட்டு ஸ்லிப் ஆகாத வரைக்கும் ஒரு ரெண்டு சொட்டுக்காக இன்ஜின் இறக்குறது என்னைப் பொறுத்தவரை வேண்டாத வேலை.

சரிவுல நிறுத்தி டிப் ஸ்டிக் பாக்கறதையும் விட்டுடுங்க, கம்மியாக் காட்டுதேன்னு மேல மேல ஊத்தி, அந்த அதிக ஆயிலே கசிய ஆரம்பிச்சுடும். பெட்ரோல் பங்க்ல சமமான தரை இருக்கும், ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விட்டு அங்க பாருங்க.