168 மணி நேரம்: முழுநேர வேலையோடு முழுநேரப் படிப்பை முடித்த கணக்கு

மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை கல்லூரி. இப்படி நாலரை வருஷம் ஓடித்தான் புள்ளியியலில் பட்டம் வாங்கினேன். முதல் பருவத்தில் எந்தக் கணக்கும் போடாமல் இறங்கிவிட்டேன். அதனால் என்ன ஆனது என்று பின்னால் சொல்கிறேன். நீங்கள் சேரப்போகிறீர்கள் என்றால், கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தாள் எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். இதில் வேலை 40. வகுப்பு 15. ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது கிரெடிட் முறையில், அதாவது பாடத்தின் பாரத்தைப் புள்ளிகளாகக் கணக்கிடும் முறையில், இருக்கும் பல கல்லூரிகளின் பொது வழக்கம். அப்படியானால் படிப்புக்கு இன்னும் 30. ஐரோப்பிய முறையிலும் கிட்டத்தட்ட இதே பாரம்தான்: வருஷத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஆக 1500 முதல் 1800 மணி நேரம். முழுநேரப் படிப்பு என்பதே இன்னொரு முழுநேர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு தூக்கம் நாளுக்கு ஏழு வீதம் 49. போக்குவரத்து 10. குளியல், சமையல், சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்று வீதம் 21. கூட்டினால் 165. மிச்சம் மூன்று மணி நேரம்.

வாரம் முழுவதற்கும் அந்த மூன்று மணி நேரம்தான். காய்ச்சல் வந்தாலும், வீட்டில் யாருக்காவது துணைக்குப் போக வேண்டியிருந்தாலும், ஷிப்ட் ஒரு மணி நேரம் நீண்டாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கூட்டல் 168-ஐத் தாண்டினால் ஏதோ ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும். எதைக் குறைப்பது என்று நீங்கள் முடிவு செய்யவில்லையென்றால் தூக்கம் தானாகவே குறையும். எனக்கு அப்படித்தான் குறைந்தது.

முதல் பருவத்தின் பதினோராவது வாரம். இரவு எட்டு மணி இருக்கும். ஒரே மாதிரி பெயர் கொண்ட இரண்டு நோயாளிகளின் ரத்தம் அடுத்தடுத்து வந்தது. ஒருவருடைய குழாயில் மற்றவருடைய லேபிளை ஒட்டி ஸ்டாண்டில் வைத்துவிட்டேன். ஒட்டியது நினைவிருக்கிறது, தப்பு என்று அப்போது மனதில் படவே இல்லை. பக்கத்து மேசையிலிருந்த அக்கா படிவத்து எண்ணையும் குழாயின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்தார். அவர் சத்தம் போடவில்லை.

“நேத்து எத்தனை மணி நேரம் தூங்கின?”

“நாலு, அக்கா.”

“இன்னைக்கு லேபிள் ஒட்ட வேணாம். கம்ப்யூட்டர்ல ரிசல்ட் ஏத்துற வேலையும் வேணாம். போய்க் கண்ணாடிச் சாமானைக் கழுவு.”

அன்றைக்குக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டே அழுதேன். அந்த ரிப்போர்ட் வெளியே போயிருந்தால் ஒருவருக்குத் தேவையில்லாத மருந்தும் இன்னொருவருக்கு மருந்தே இல்லாமலும் போயிருக்கும். தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் படுக்க விடப்பட்டவர்களின் கவனமும் நினைவும், ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டன. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பது அவர்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை. ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று நானும் அந்தப் பதினோரு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் அட்டவணையில் முதலில் எழுத வேண்டியது தூக்கம். நான் இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தேன், விடுமுறை நாளிலும். மாலை ஷிப்ட் வேலை என்றால் காபியிலும் கவனம் வேண்டும். உடம்பிலிருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, படுக்கப் போகும்போதும் உள்ளே இருக்கும். நான் நாலு மணிக்கு மேல் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது, படிக்கும் நேரத்தை எங்கே வைப்பது. வேலை முடிந்து வந்து படிக்கலாம் என்ற திட்டத்தைக் கைவிடச் சொல்வேன். பத்து மணிக்கு மேல் ஒரு பக்கத்தை நாலு முறை படித்தும் ஒன்றும் ஏறாது. வகுப்பு விட்டதும் பதினொன்றிலிருந்து ஒன்று வரை வீட்டுக்கும் போகாமல், கேன்டீனுக்கும் போகாமல் நேரே நூலகத்தில் உட்கார்ந்தேன். அன்று நடத்திய பாடம் சூடு ஆறுவதற்குள் அதன் கணக்குகளைப் போட்டுவிடுவேன். ஐந்து நாளுக்குப் பத்து மணி நேரம். சனிக்கிழமை எட்டு, ஞாயிறு மதியம் வரை ஐந்து. மொத்தம் 23 தான் வந்தது. முப்பது ஒருபோதும் வரவில்லை. ஆனால் எப்படிப் படிக்கிறோம் என்பதை மாற்றியதும் 23 போதுமானதாக இருந்தது.

நான் மாற்றியது இதுதான். குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்தினேன். உள்ளங்கை அளவு அட்டைகளை வெட்டி, முன்பக்கம் ஒரு கேள்வி, பின்பக்கம் பதில் என்று எழுதி, தினம் ஆறு அட்டையை கோட் பையில் போட்டுக்கொள்வேன். லேபில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் போட்டால் பத்து நிமிஷம் சுற்றும். கையில் வேறு சாம்பிள் இல்லாத நேரமாக இருந்தால், கையுறையைக் கழற்றிக் கை கழுவிவிட்டு ஓர் அட்டையை எடுப்பேன். ‘திட்டப் பிழைக்கும் திட்ட விலக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?’ பதிலை மனதுக்குள் முழுசாகச் சொன்ன பிறகுதான் திருப்பிப் பார்ப்பேன். இயந்திரத்தின் இரைச்சல் இறங்கத் தொடங்கியதும் அட்டை பைக்குள் போய்விடும். தெரியாத அட்டை மறுநாளும் வரும். தெரிந்தது ஒரு வாரம் கழித்து வரும்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்டது. படித்து ஐந்து நிமிஷத்தில் சோதித்தால், திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, தங்களைத் தாங்களே சோதித்துப் படித்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். நேரம் குறைவாக இருக்கிற நமக்கு இது பெரிய உதவி. வாசித்தால் தெரிந்த மாதிரி தோன்றும். அட்டையைத் திருப்பும்போதுதான் தெரியாதது வெளியே வரும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கையில் வேலை இருக்கும்போது படிப்பைத் தொடக் கூடாது. சம்பளம் வாங்குகிற இடத்தில் ‘இவள் படிக்கத்தான் வருகிறாள்’ என்ற பேச்சு ஒரு முறை கிளம்பிவிட்டால், பிறகு லீவு கேட்க வாய் வராது.

லீவு என்றதும் மேலதிகாரியிடம் பேசுவது பற்றிச் சொல்ல வேண்டும். பருவம் தொடங்கும் முதல் வாரமே தேர்வு, ஒப்படைப்பு, செய்முறைத் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அதன் ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். ‘இந்த நான்கு நாள் எனக்கு ஷிப்ட் மாற்றம் வேண்டும். பதிலுக்கு எல்லோரும் வீட்டிலிருக்க நினைக்கும் விடுமுறை நாட்களில் நான் வருகிறேன்’ என்று கேட்டேன். ஆறு வாரம் முன்னால் கேட்டபோது ஒரு தடவைகூட மறுப்பு வரவில்லை. முந்தின நாள் கேட்டபோது இரண்டு முறை மறுத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஊழியர்களின் படிப்புக்கு நிறுவனம் பண உதவி செய்யுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் இருக்கும், யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

பேராசிரியர்களிடமும் முதல் வாரமே சொல்லிவிடுவது நல்லது. சலுகை கேட்க வேண்டாம். இன்ன நேரத்தில் வேலை, அவசரச் செய்தியை இரவு பத்துக்கு மேல்தான் பார்ப்பேன் என்ற தகவல் போதும். குழுவாகச் செய்யும் புராஜெக்டில் முதல் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். கடைசிப் பகுதி கடைசி இரவில்தான் வரும், அந்த இரவில் உங்களுக்கு ஷிப்ட் இருக்கும்.

வீட்டாரிடம் ‘நேரமில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு வலிக்கும். நான் ஞாயிறு மாலை ஐந்திலிருந்து எட்டு வரை அம்மாவுக்கு என்று ஒதுக்கினேன். கணக்கில் மிஞ்சிய அந்த மூன்று மணி நேரம்தான். தேர்வுக்கு முந்தின ஞாயிறன்றுகூட அதை எடுக்கவில்லை. மற்ற நாளில் போனை எடுக்காவிட்டாலும் அம்மா வருத்தப்பட்டதில்லை, ஞாயிறு உண்டு என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக, ஒரு பாடத்தை விடுவது. கல்லூரி நாட்காட்டியில் அபராதமில்லாமல் பாடத்திலிருந்து விலகக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைச் சிவப்பில் வட்டமிட்டு, இரண்டு வாரம் முன்னால் இன்னொரு வட்டமும் போடுங்கள். இரண்டு வாரம் முன்னால் வரும் அந்த வட்டத்தன்று உட்கார்ந்து பழைய கணக்கை மறுபடி கூட்டுங்கள். விலகினால் உதவித்தொகையோ கடனோ பாதிக்குமா என்று அலுவலகத்தில் நேரில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் பருவத்தில், அம்மாவுக்கு ஒதுக்கிய மூன்று மணி நேரத்தையும் சேர்த்து, என் கூட்டல் 174 வந்தது. லேபில் இருவர் வேலையை விட்டிருந்தார்கள், எனக்கு ஆறு மணி நேரம் கூடியிருந்தது. நேரியல் இயற்கணிதத்திலிருந்து விலகினேன். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது தோற்றுவிட்டது போல நெஞ்சு அடைத்தது. அந்தப் பாடம் வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும் என்பதால் பட்டம் அரை வருஷம் தள்ளிப்போனது. அடுத்த வருஷம் அதே வகுப்பில், அதே மூன்றாவது வரிசையில், ஏழு மணி நேரம் தூங்கி எழுந்து வந்து உட்கார்ந்தேன். அட்டைகள் பழையவை, முதல் அலகுக்குப் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை.