லாசிக்ஸ் முதல் டிஜொக்சின் வரை: வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் எந்த மெடிக்கல் வார்டுக்குப் போனாலும் இப்படி ஒரு நோயாளி இருப்பார். இதயம் பலவீனமானவர், இரண்டு காலும் வீங்கியவர். அவருடைய பெட் ஹெட் டிக்கெட்டில் லாசிக்ஸ், ஸ்பைரோனோலக்டோன், எனலாப்ரில், பிசொப்ரொலோல், டிஜொக்சின் என்று ஐந்து மருந்து வரிசையாக எழுதியிருக்கும். தாதியர் கல்லூரியில் இவற்றைத் தனித்தனிப் பாடமாகப் படித்துப் பரீட்சையும் எழுதிவிடுகிறோம். ஆனால் நோயாளியின் உடம்பில் ஐந்தும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. லாசிக்ஸ் இரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்குகிறது, ஸ்பைரோனோலக்டோனும் எனலாப்ரிலும் அதை ஏற்றுகின்றன, பிசொப்ரொலோலும் டிஜொக்சினும் நாடித்துடிப்பைக் குறைக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே சிறுநீரகத்தை நம்பியிருக்கின்றன. புதிதாக வார்டுக்கு வரும் தங்கைமாரும் தம்பிமாரும் பயப்பட வேண்டியது இந்தச் சேர்க்கைக்குத்தான்.

முதலில் லாசிக்ஸ் ஊசி, அதாவது உடம்பில் தேங்கிய நீரைச் சலமாக வெளியேற்றும் ஃப்ரூசமைட். மூச்சுத் திணறி ஒருவர் வந்ததும் எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் சிரிஞ்சில் இருப்பதை ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃப்ரூசமைட்டை நாளத்தில் வேகமாக ஏற்றினால் காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவதும் வரலாம், சிலருக்கு அது நிரந்தரமாகவும் போகலாம். நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அப்படியானால் 80 மில்லிகிராமுக்கு 20 நிமிடம் வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். ஜென்டமைசின் என்ற அன்டிபயோட்டிக்கும் ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள், அதுவும் காதைத் தாக்கும் மருந்து. டெக்ஸ்ட்ரோஸில் கலக்க வேண்டாம், நோர்மல் சேலைன்தான் சரி.

ஊசி போட்ட ஐந்து நிமிடத்திலேயே சலம் இறங்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே பெட் பான், யூரினல் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதைச் சிறிய விஷயமாக நினைத்துவிடாதீர்கள். தள்ளாடும் வயதில் அவசரமாகக் கழிவறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வந்த நோயை விட அதுதான் அவரைக் கட்டிலில் கிடத்தும்.

சலம் நன்றாகப் போகிறது என்று மகிழ்ந்து அங்கேயே நின்றுவிடுவது அடுத்த தவறு. தண்ணீரோடு பொட்டாசியமும் மக்னீசியமும் போகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் சாதாரணமாக லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அது 3க்குக் கீழே இறங்கியவருக்கு வழமையான அளவில் டிஜொக்சின் கொடுத்தாலே நஞ்சாகலாம். இதயத் தசையில் டிஜொக்சினும் பொட்டாசியமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் அந்த இடம் முழுவதும் டிஜொக்சினுக்குப் போய்விடும். இரத்தத்தில் டிஜொக்சின் அளவு சரியாகக் காட்டும்போதே நோயாளி நஞ்சேறிக் கிடப்பது இப்படித்தான்.

ஆகவே டிஜொக்சின் கொடுக்கப் போகும்போது மணிக்கட்டைப் பதினைந்து விநாடி பிடித்து நான்கால் பெருக்கி எழுதுவது போதாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கற்றுத் துடிப்பது) உள்ளவருக்கு மணிக்கட்டு நாடி உண்மையான எண்ணிக்கையைச் சொல்லாது, சில துடிப்புகள் கைவரை வந்து சேராது. ஸ்டெத்தை இடது மார்பில், ஐந்தாம் விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து கீழே இறங்கும் கோட்டில் வையுங்கள். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் குளிசையை நிறுத்தி வைத்து டொக்டரிடம் சொல்லுங்கள், நிறுத்திய காரணத்தையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். 62 என்று வந்தாலும், நேற்று 88 இருந்ததா என்று புரட்டிப் பாருங்கள். “சாப்பாடே பிடிக்கவில்லை மிஸ், வாந்தி வருகிறது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது” என்று ஒருவர் சொன்னால் அது டிஜொக்சின் நஞ்சின் அறிகுறியாக இருக்கலாம், கேஸ்ட்ரிக் என்று ஒமெப்ரசோல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டிஜொக்சின் அளவு பார்க்க இரத்தம் எடுப்பதானால் கடைசிக் குளிசைக்குப் பிறகு ஆறு மணி நேரமாவது போயிருக்க வேண்டும். 62.5 மைக்ரோகிராம் குளிசையும் 250 மைக்ரோகிராம் குளிசையும் ஒரே ட்ரொலியில் கிடந்தால் பட்டையை இரண்டு தடவை வாசியுங்கள்.

பொட்டாசியத்தின் மறுபக்கமும் இதே அளவுக்கு ஆபத்தானது. ஸ்பைரோனோலக்டோனும் எனலாப்ரிலும் அல்லது லொசார்டனும் சேர்ந்தால் பொட்டாசியம் தேங்கும். அது 6.5ஐத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். இங்கே நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: லாசிக்ஸ் தொடங்கியபோது கூடவே எழுதிய கே.சி.எல். (பொட்டாசியம் குளோரைட்) சிரப், லாசிக்ஸை வெட்டிய பிறகும் சார்ட்டில் தொடர்ந்து போகும். யாரும் வெட்டவில்லை என்பதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை, கேளுங்கள். பார்க்க வருகிறவர்கள் காலிமுகத்திடல் பக்கத்தில் செவ்விளநீர் வாங்கி வருவார்கள், உடம்புக்குக் குளிர்ச்சி என்று அன்பாகத்தான் கொடுப்பார்கள். சிறுநீரகம் பலவீனமான இதய நோயாளிக்கு அதிலும் நிறையப் பொட்டாசியம் போகிறது. கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

நாளம் வழியாகக் கொடுக்கும் பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேரடியாகத் தள்ளக் கூடாது. தள்ளினால் ஆள் அந்த இடத்திலேயே போய்விடுவார். நீர்க்கச் செய்து, பையைப் பல தடவை கவிழ்த்துக் கலக்கி, சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோலுக்குள் ஓட விட வேண்டும்.

இனி நேரம். லாசிக்ஸ் இரண்டு வேளை என்றால் காலை எட்டும் இரவு எட்டும் அல்ல. இரண்டாவதைப் பிற்பகல் இரண்டு மணியளவில் கொடுத்தால் மனிதர் இரவில் நித்திரை கொள்வார். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட்டும் அப்படித்தான். சரியாகப் பன்னிரண்டு மணி இடைவெளியில் கொடுத்தால் உடம்பு அதற்குப் பழகி மருந்து பலிக்காமல் போகும், ஒரு நாளில் சில மணி நேரமாவது அது இல்லாமல் இருக்க வேண்டும். காலை ஏழுக்கு ஒன்று, பிற்பகல் இரண்டுக்கு ஒன்று என்றால் போதும்.

பிறெஷரைப் பார்க்காமல் பிறெஷர்க் குளிசை கொடுப்பவர் யாரும் இல்லை. தவறாகப் பார்த்துவிட்டுக் கொடுப்பவர்கள்தான் நிறைய. படியேறி வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரவிடாமல், பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டி, பேச்சும் கொடுத்துக்கொண்டு எடுத்தால் எண் கூடித்தான் காட்டும். படுத்திருந்தும் எழுந்து நின்றும் எடுத்துப் பாருங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நிஃபெடிபின் எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும்) குளிசையை மூக்குக் குழாயில் போடுவதற்காக இடிக்க வேண்டாம், பல மணி நேரத்தில் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அம்லோடிபின் எடுப்பவரின் கணுக்கால் வீக்கம் அந்தக் குளிசையாலேயே வந்திருக்கலாம், அதற்கு லாசிக்ஸ் கேட்க முன் சார்ட்டைப் பாருங்கள்.

பிசொப்ரொலோல், அட்டினோலோல், ப்ரொப்ரனோலோல் போன்றவை தொடங்கும்போது ஆஸ்துமா உண்டா என்று கேட்காமல் விடக் கூடாது. நீரிழிவு உள்ளவருக்குச் சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இவை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். திடீரென நிறுத்துவதும் கூடாது. ஸ்டொக் இல்லை என்றால் “இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகாமல் அன்றே டொக்டரிடம் சொல்லுங்கள்.

நெஞ்சுவலிக்கான ஜீ.டி.என். (கிளிசரில் ட்ரைநைட்ரேட்) குளிசையை நாக்குக்கடியில் வைப்பதற்கு முன் ஆளை உட்கார வையுங்கள். ஆண் நோயாளியிடம் சில்டெனாஃபில் (ஆண்மைக் குறைவுக்கான குளிசை, வயாகரா) எடுத்தாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் பிறெஷர் உயிராபத்தான அளவுக்கு விழும்.

கடைசியாக வீட்டுக்கு அனுப்பும் நேரம். இதற்கு நாம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிற எத்தனையோ அம்மாமாருக்குக் கவரில் சிங்களத்தில் எழுதியிருப்பது வாசிக்க வராது, தலையை மட்டும் ஆட்டுவார்கள். தமிழ் பேசத் தெரிந்த தாதி அந்த வார்டில் இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். கிளினிக் நாளில் பஸ்ஸில் அவசரம் வரும் என்று சலம் போகிற குளிசையை விட்டுவிடுகிறார்களா என்று கேளுங்கள். அப்படியானால் வீட்டுக்குத் திரும்பியதும் எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். நோன்பு பிடிப்பவர்கள் றமழான் தொடங்க முன்பே கிளினிக்குக்கு வந்து நேரத்தை மாற்றிக்கொள்ளட்டும். முழங்கால் வலிக்குப் பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். எனலாப்ரில், லாசிக்ஸ் இரண்டோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே படுத்துவிடலாம். வாந்தி, வயிற்றோட்டம் வந்த நாளில் இந்தக் குளிசைகளைத் தொடர்வதா என்று அன்றைக்கே கேட்க வேண்டும்.

தராசு இருக்கும் வீடானால் காலையில் சலம் போன பிறகு, தேநீர் குடிக்க முன் நிறையைப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது தண்ணீர்தான், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் வரட்டும்.