இலையுதிர் அசேலியா: நடுவது முதல் கவாத்து வரை

பனிக்காலம் முழுக்க வெறும் குச்சியாக நின்றுவிட்டு, மே மாதவாக்கில் இலை முழுதாக விரியும் முன்பே ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளும் புதர் இது. கடுங்குளிர் ஊர்களுக்கு மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'நார்தர்ன் லைட்ஸ்' வகைகளைத் தேடுங்கள். அவற்றின் பூமொட்டு மைனஸ் 34 டிகிரி செல்சியஸையும் தாங்கும். இங்கிலாந்து போன்ற மிதக்குளிருக்கு எக்ஸ்பரி, நாப் ஹில் கலப்பினங்கள் போதும். புதிதாக நடுபவர்களிடம் இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் ஆழமான குழிதான்.

1. மண்

மண்ணின் அமில-கார அளவான பிஎச் 4.5 முதல் 6 வரை வேண்டும். 6.5 இருந்தால் கந்தகத் தூள் கலக்கலாம். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கப் பல மாதம் ஆகும் என்பதால் நடுவதற்கு முந்தைய ஆண்டே போடுங்கள். ஹைட்ரேஞ்சியாவுக்குப் போடும் அலுமினியம் சல்பேட் வேண்டாம், வேரைக் கெடுக்கும். 7-ஐத் தாண்டிய சுண்ணாம்பு மண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட, அமில உரமண் நிரப்பிய பெரிய தொட்டி நல்லது.

2. இடம்

காலை வெயில், பிற்பகல் நிழல். கறுப்பு வால்நட் மரத்தடியில் வைக்காதீர்கள்.

3. நடுதல்

தொட்டிச்செடியின் வேர்க்கட்டி பெரும்பாலும் பீட்டால் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) ஆனது. காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் நீர் உள்ளே போகாமல் ஓரமாக வழிந்துவிடும். எனவே வாளி நீரில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை வையுங்கள். வட்டமாகச் சுற்றிய வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். குழியின் அகலம் கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆழம் கட்டியின் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. மேற்பகுதி தரைக்கு மேல் 3 செ.மீ. தெரிய வேண்டும். முடி போன்ற இதன் வேர்கள் காற்றுக்காக மேல்மண்ணிலேயே படர்பவை. களிமண்ணில் குழி தோண்டி உரமண் நிரப்பினால் அது கிண்ணம்போல் நீரைத் தேக்கும், வேர் அழுகும். அங்கே 25 செ.மீ. மேடு கட்டி அதில் நடுங்கள்.

4. மூடாக்கும் நீரும்

பைன் பட்டை அல்லது பைன் ஊசியிலை 5 முதல் 8 செ.மீ., தண்டை ஒட்டாமல். அடியில் கொத்திக் களை எடுக்கக் கூடாது, கையால் பிடுங்குங்கள். முதல் இரண்டு கோடையும் மேல்மண் காயவிடாதீர்கள். மழைநீர் உத்தமம்.

5. கவாத்து

பூ முடிந்ததும் ஓரிரு வாரத்தில் முடித்துவிடுங்கள். கோடையிலேயே அடுத்த வருட மொட்டு கட்டிவிடும், தாமதித்து வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். வாடிய கொத்தைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் ஒடியுங்கள். அதன் அடியிலேயே பொடியாக இளந்தளிர் இருக்கும், கத்தரிக்கோல் அதையும் சேர்த்து நறுக்கிவிடும். கிழட்டுப் புதரென்றால் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு பழந்தண்டை மட்டும் அடியோடு எடுங்கள்.

கோளாறுகள்

இலையில் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் மண்ணில் காரம் ஏறி இரும்புச்சத்து எட்டவில்லை. கீலேட் இரும்பு (செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலான இரும்புச்சத்து) தற்காலிக மருந்து. பிஎச்சைக் குறைப்பதே வைத்தியம். கோடைக் கடைசியில் வரும் சாம்பல் நோய் நெருக்கத்தாலும் வேர் வறட்சியாலும் வருவது. வசந்தத்தில் இலைகள் மொட்டையானால் இலையடியைத் திருப்பிப் பாருங்கள்: பச்சைப் புழுக்கள் இருக்கும், கையால் பொறுக்கலாம். பொறுக்கும்போது குழந்தையோ நாயோ இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், செடி முழுவதும் நஞ்சு.