யோகோஹாமாவில் கப்பல் நிற்கும் ஒரு பகலில் காமகுரா வழிபாட்டுத் தலங்கள்

ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குபவர்கள் தனி வாகனம் அமர்த்திக்கொண்டால், அருகிலுள்ள காமகுரா நகரின் தலங்களை ஒரே பகலில் அவசரமின்றிப் பார்த்துவிடலாம். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை ஓட்டுநரிடம் முதலிலேயே எழுதிக் கொடுத்து, சாலை நெரிசலுக்காக இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்.

முதலில் சுருகாவோகா ஹச்சிமான் என்னும் ஷிண்டோ (ஜப்பானின் பூர்வீக சமயம்) ஆலயத்துக்குச் செல்லுங்கள். காமகுராவிலிருந்து ஆண்ட படைத்தலைவர் மினமோட்டோ யோரிட்டோமோ 1180-இல் இதை இப்போதைய இடத்துக்கு மாற்றினார். தோரீ எனப்படும் நுழைவாயிலில் தலைவணங்கி, நடுப்பகுதி தெய்வத்துக்குரிய வழி என்பதால் ஓரமாக நடக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் இடக்கையையும், பிறகு வலக்கையையும் கழுவி, இடக்கையில் நீரேந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் படவே கூடாது. காணிக்கைப் பெட்டியில் நாணயம் இட்டபின் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவதே முறை. ‘5 யென்’ என்பதன் ஜப்பானிய ஒலிப்பு ‘நல்லுறவு’ என்ற பொருளும் தருவதால், பலர் அந்த நாணயத்தையே இடுகிறார்கள்.

பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது. கைகூப்பி அமைதியாக வணங்கினால் போதும். கோட்டோகுயின் என்னும் பௌத்தக் கோயிலில் 1252-இல் வார்க்கத் தொடங்கியதாகக் கருதப்படும் வெண்கல அமிதாப புத்தர், ஏறத்தாழ 11.3 மீட்டர் உயரத்தில் திறந்த வெளியில் அமர்ந்திருக்கிறார். நேரம் குறைந்தால் மற்றவற்றை விட்டுவிடுங்கள், இவரை விடாதீர்கள். வளாகத்தில் காலணியுடன் நடக்கலாம். மரத்தள மண்டபங்களில் ஏறும்போது கழற்ற வேண்டும் என்பதால், எளிதில் கழற்றக்கூடிய காலணியும் காலுறையும் அணிந்து வருவது நல்லது.