கார் கதவு பீடிங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்

போன ஐப்பசியில், மழை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு. பக்கத்து வீட்டுக்காரர் காரின் நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தோய்த்து, பீடிங் ரப்பரில் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் தலை வாரிவிடும் சிரத்தை. அன்றைக்கு ரப்பர் கருகருவென்று பளபளத்தது உண்மைதான். இரண்டே வாரத்தில் தெருப்புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொண்டது. ஏறி இறங்கும்போது சட்டையில் கறுப்புக் கோடு. அதைத் துடைக்க மண்ணெண்ணெயை எடுத்தார் பாருங்கள், அதுதான் பெரிய தவறு.

கதவைச் சுற்றி வரும் ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வகை. வெயில், மழை, ஓசோன் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தாங்கும். அதற்கு ஆகாதது பெட்ரோலிய எண்ணெய். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ், வாசலின், துரு இளக்கும் ஸ்பிரே எதுவானாலும் ரப்பர் அதை உறிஞ்சி உப்பும், வலுவிழந்து தொளதொளக்கும். தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்குக் கெடுக்காது. ஆனால் காயாமல் ஒட்டிக்கொண்டு மண்ணைப் பிடித்துவைக்கும். அந்த மண் கதவை மூடும்போதெல்லாம் ரப்பரைத் தேய்க்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கோன் ஸ்பிரே போட்டால் போதும். அதையும் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுங்கள். முன்கண்ணாடியில் பட்டால் மழையில் வைப்பர் போடும்போது மங்கலடிக்கும். பாடியில் படிந்திருந்தால் பின்னால் டிங்கரிங் முடித்துப் பெயிண்ட் அடிக்கும்போது, அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் சின்னச் சின்னக் குழியாக விலகும்.

அடுத்த தவறு நானே செய்தது. இடது பக்க முன்சீட்டின் கீழே மேட் நனைந்தே கிடந்தது. பீடிங் போச்சு என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிப் போட்டேன். மறுபடியும் ஈரம். சித்திரை வெயிலிலும் ஈரம் என்றதும்தான் புத்தியில் உறைத்தது: ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது! மழையே இல்லாத நாளிலும் நனைந்தால் பீடிங்கைத் திட்டாதீர்கள்.

கதவுக்குள் தண்ணீர் போவதும் இயல்புதான். கண்ணாடியை ஒட்டி இறங்கும் தண்ணீர், கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகள் வழியே வெளியேறிவிடும். அவற்றைச் சேறு அடைத்துக்கொண்டால், கதவைத் திறக்கும்போது உள்ளே சளக் சளக் என்று கேட்கும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் போதும்.

சந்தேகம் பீடிங் மேல்தான் என்றால், ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஒரே ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால், கதவு கீல் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றிலுமே பிடிப்பில்லாமல், ரப்பரும் அமுங்கித் தட்டையாகிக் கல்லாக இறுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது நடக்கும் கூத்து தனி. நீளம் கொஞ்சம் குறைகிறதென்று இழுத்துப் பொருத்துவார்கள். அன்றைக்குக் கச்சிதமாகத்தான் இருக்கும். நாளடைவில் ரப்பர் பழைய நீளத்துக்குச் சுருங்கி, இணைப்பில் விரல் நுழையும் இடைவெளி விடும். இழுக்கவே கூடாது. ஒரு விரல்கடை கூடுதலாகவே வெட்டி, மூலைகளில் லேசாக நெருக்கி உள்ளே தள்ள வேண்டும். இணைப்பு கதவுக்கு மேலே வராமல் அடிப்பக்கம் வரட்டும். பொருத்துமுன் தகர விளிம்பில் துரு இருந்தால் தேய்த்து, ப்ரைமர் அடித்துவிடுங்கள்.

அப்புறம், பசை. சொட்டு விட்டதும் ஒட்டும் பசை காய்ந்து விறைத்துவிடும். கதவை நாலு தடவை அறைந்தால் விரிசல் விடும். பாத்ரூம் சிங்க்குக்குப் பூசும், வினிகர் வாடையடிக்கும் சிலிக்கோன் இன்னும் மோசம். அது காயும்போது அசிட்டிக் அமிலம் கக்கி, தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். பீடிங்குக்கென்றே வளையும் பசை ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெயால் துடைத்தது முன்கதவுகள் இரண்டை மட்டும்தான். அவற்றுக்குப் புது பீடிங் போட வேண்டியதாயிற்று. பின்கதவுகள் ஷாம்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவியதும் தேறிவிட்டன.