வேலை போன கையோடு மருத்துவக் காப்பீடு: ராமநாதபுரம் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கம்பெனியை விட்டு மண்டபம் திரும்பினாலும், விசா முடிந்து கீழக்கரையில் வந்து இறங்கினாலும், ‘கார்டுதான் பையில் இருக்கே’ என்று இருந்துவிடுவது முதல் தவறு. கம்பெனி எடுத்துத் தந்த குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. மட்டும் நேர்மாறு. வேலை போன அன்றே அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலம், அதாவது வேலை போனாலும் சிகிச்சை பெறக்கூடிய காலம், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை.

குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். பாலிசிக்கு முன்பே இருந்த நோய்களுக்குப் பணம் கிடைக்கக் காத்திருப்பு 3 ஆண்டு வரை போகும்; மாறினால் குழுவில் கழித்த ஆண்டுகள் அதில் கழியும். ஆனால் கம்பெனியில் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். வளைகுடாவில் இருந்த காப்பீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. புது பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டுமே பணம் வரும் என்பதால், சபுராளிகள் (வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள்) ஊர் திரும்ப விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே இங்கே பாலிசி தொடங்கிவிடுவது நல்லது.

‘சர்க்கரையை எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்’ என்று சொல்லும் ஏஜென்ட், கிளெய்ம் மறுக்கப்படும் நாளில் போனை எடுக்கமாட்டார். பாலிசி வந்ததும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

பணம் அதிகம் கரைவது அறை வாடகையில். 3 லட்சம் பாலிசியில் வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். மதுரையில் 6,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகையில் மட்டுமா பாதி போகும்? டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே பாதியாகும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு இல்லை. வரம்பில்லாத பாலிசிக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்டுவதே லாபம். நீங்கள் உண்மையில் போகக்கூடிய மதுரை ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் (கையிலிருந்து கட்டாமல் சிகிச்சை பெறும்) பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று டாப்-அப் (ஒரு தொகையைத் தாண்டும் செலவை மட்டும் தரும் பாலிசி) மட்டும் எடுக்காதீர்கள். கழிவுத் தொகை 3 லட்சம் என்றிருந்தால், முதல் 3 லட்சம் உங்கள் கையிலிருந்துதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, யாராவது 18 சதவீதம் சேர்த்துச் சொன்னால் அது பழைய கணக்கு.

கட்டவே வழியில்லை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிரீமியம் இல்லை, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. போன வருடச் சம்பளத்தை நினைத்துத் தயங்காமல், இப்போதைய வருமானத்துக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேளுங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் உடன் இருக்கட்டும். நெஞ்சுவலி வந்தபின் சான்றுக்கு அலைய முடியாது.